மருத்துவரின் பணிநீக்கமும் தொழிலாளர் சட்டத்தின் மூடிய கதவுகளும்

(மருத்துவத்துறை ஊழியர் கருத்தரங்கில், தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் வழக்குரைஞர் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மருத்துவர்களின் பணிநீக்கம் குறித்துப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டபோது, கிளைத் தோழர் ஒருவர் ஒளிவுமறைவின்றி ஒரு கேள்வியை எழுப்பினார். "கைநிறைய ஊதியம் வாங்கும் மருத்துவர் வேலையிழந்தால், அடுத்த தெருவில் அவருக்கு இன்னொரு மருத்துவமனை இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளிக்கு அப்படி ஏதும் இல்லை. இதற்கு நாம் ஏன் நேரம் செலவிட வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அந்தத் தோழருக்கான பதிலாகவே அமையும்.

ஓர் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரே தனியார் மருத்துவமனையிலிருந்து ஒரே மாதத்தில் வெளியேற்றப்பட்ட இருவர் எங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்தனர். ஒருவர் செவிலியர், மற்றவர் பொதுமருத்துவர். அவர்களின் பெயரையோ, ஊரையோ, மருத்துவமனையின் பெயரையோ சொல்வது இங்கே தேவையில்லை. இருவர் கையிலும் ஒரு பக்கக் கடிதம் இருந்தது. இருவரின் கடிதத்திலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான்: தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை. காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை.

காரணம் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. மருத்துவர்கள் ஒவ்வொருவரும் மாதத்துக்கு எத்தனை நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்தனர், எத்தனை ஸ்கேன்களுக்கு எழுதிக் கொடுத்தனர் என்று கணக்கிடும் கூட்டங்களை அந்த நிர்வாகம் நடத்திவந்தது. தேவையற்ற பரிசோதனைக்கு எழுத முடியாது என்று அந்த மருத்துவர் இரண்டு கூட்டங்களில் மறுத்தார். மூன்றாவது முறை அதை எழுத்திலேயே கொடுத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் எண்ணிக்கை குறைக்கப்பட்டதை அந்தச் செவிலியர் தட்டிக் கேட்டார். இருவரின் குற்றமும் நோயாளிகளின் பக்கம் நின்றது மட்டுமே.

செவிலியரின் வழக்கை எங்களால் எடுத்துச் செல்ல முடிந்தது. தொழில் தகராறு எழுப்பினோம். சமரச அதிகாரி நிர்வாகத்தை அழைத்தார். சங்கம் பின்னால் நின்றது. பல மாத இழுபறிக்குப் பிறகு அவர் மீண்டும் பணியில் சேர்ந்தார். மருத்துவரிடமோ, "டாக்டர், உங்களுக்குத் தொழிலாளர் சட்டத்தில் இடமில்லை" என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. "செவிலியருக்கு இருக்கும் உரிமைகூட எனக்கு இல்லையா?" என்று அவர் கேட்டார். இல்லை என்பதுதான் உண்மை. அது ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதல் கதவு: தொழிலாளர் நீதிமன்றம்

தோழர்களே, இந்தியத் தொழிலாளர் வர்க்கம் நீண்டகாலம் கையாண்ட முதன்மையான சட்டக் கருவி 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். ஓராண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமானால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் ஊதியத்தை இழப்பீடாக வழங்க வேண்டும் என்று அது விதித்தது. பணிநீக்கம் நியாயமற்றது எனக் கண்டால், தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்துமாறு உத்தரவிடும் அதிகாரத்தையும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வழங்கியது.

இந்தக் கதவின் வழியே நுழைய இரண்டு சாவிகள் வேண்டும். பணியிடம் 'தொழில்' என்ற வரையறைக்குள் வர வேண்டும். பணியாற்றுபவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வர வேண்டும்.

முதல் சாவிக்காக மருத்துவமனை ஊழியர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில், மருத்துவமனை ஒரு தொழில் அல்ல என்று 1970இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1978இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் எளிமையானது: முறையான செயல்பாடு, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒத்துழைப்பு, மனிதத் தேவைகளை நிறைவுசெய்யும் பொருள் அல்லது சேவை ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழில்தான், இலாப நோக்கம் இருக்கிறதா என்பது பொருட்டல்ல. இதனால் மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் வரையறைக்குள் வந்தன.

ஆளும் வர்க்கம் வாளாவிருக்கவில்லை. 1982இல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, மருத்துவமனைகளையும் கல்வி நிறுவனங்களையும் வெளியே தள்ளியது. ஆனால் அந்தத் திருத்தப் பகுதி இறுதிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வியை 2017இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. ஒரு வரையறையின் மீது இத்தனை ஆண்டுகள் இத்தனை போர் ஏன் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லைச் சார்ந்துதான் கோடிக்கணக்கான மனிதர்களின் வேலைப் பாதுகாப்பு நிற்கிறது.

இரண்டாவது சாவி மருத்துவருக்குக் கிடைக்கவே இல்லை. உடலுழைப்பு, தேர்ச்சி உள்ள அல்லது இல்லாத வேலை, தொழில்நுட்பம், இயக்கம், எழுத்துப்பணி, மேற்பார்வை என்று சட்டம் வகைகளை அடுக்குகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அடங்குபவர் மட்டுமே தொழிலாளி. பள்ளி ஆசிரியர் பணி இந்த வகைகளுள் எதிலும் அடங்காது என்று கோவா பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்லர்! அதே தர்க்கம் மருத்துவரையும் எட்டியது. இஎஸ்ஐ கழகத்தின் மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், நோயைக் கண்டறிந்து சிகிச்சையளிக்கும் மருத்துவர் தம் தனித்திறன் சார்ந்த தொழில்முறையாளர், எனவே அவர் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. தொழிலாளர்களுக்குச் சிகிச்சையளிப்பதற்கென்றே அமைந்த நிறுவனத்தின் மருத்துவர், தாம் சிகிச்சையளிக்கும் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பைக் கோர முடியாது என்பதே இதன் விளைவு.

இரண்டாவது கதவு: உரிமையியல் நீதிமன்றம்

தொழிலாளி அல்லர் என்றால் மருத்துவர் எங்கே போவார்? உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அவர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பினர் மட்டுமே. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், தனிநபர் சேவைக்கான ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்றச் செய்ய முடியாது என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கையைப் பின்பற்றுகிறது. விருப்பமில்லாத முதலாளியின்மீது ஒரு பணியாளரைத் திணிக்க முடியாதாம். அரசுப் பணியாளர், தொழிலாளர் சட்டத்தின்கீழ் வருபவர், சட்டத்தால் உருவாக்கப்பட்ட அமைப்பின் பணியாளர் ஆகியோருக்கே விலக்கு உண்டு. தனியார் மருத்துவமனை மருத்துவர் இந்த மூன்றில் எதிலும் இல்லை.

ஆகவே அவர் கேட்கக்கூடியது வேலையை அல்ல, இழப்பீட்டை மட்டுமே. எவ்வளவு இழப்பீடு? முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்தால், இழப்பீடும் பொதுவாக அந்தக் காலத்து ஊதியத்தோடு நின்றுவிடும் என்பது 1957 முதலே உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தால், பல ஆண்டுகள் வழக்காடிப் பெறுவது ஒரு மாத ஊதியம்! அந்த ஒரு மாத ஊதியத்தை நிர்வாகம் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டால், வழக்குக்கே இடமில்லை.

இதிலும் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. பல தனியார் மருத்துவமனைகள் மருத்துவரைப் 'பணியாளர்' என்று எழுதுவதே இல்லை. 'ஆலோசகர்' என்று எழுதுகின்றன. ஊதியத்துக்குப் பதிலாகத் 'தொழில்முறைக் கட்டணம்' தருகின்றன. வருமான வரியையும் அந்தக் கணக்கிலேயே பிடித்தம் செய்கின்றன. வருகைப்பதிவு உண்டு, பணி அட்டவணை உண்டு, விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும், வேறிடத்தில் நோயாளிகளைப் பார்க்கத் தடையும் உண்டு. ஆனால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் இல்லை. வேலை வாங்கும்போது அவர் பணியாளர். உரிமை கேட்கும்போது அவர் 'சுதந்திரமான தொழில்முறையாளர்'. உணவு விநியோகிக்கும் இளைஞரை 'பங்குதாரர்' என்று அழைக்கும் நிறுவனங்களின் தந்திரமும் இதுவே. படிப்பும் வருமானமும் வேறு. சுரண்டலின் சட்ட வடிவம் ஒன்றே.

மூன்றாவது கதவு: உயர் நீதிமன்றம்

அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கதவு முதன்மையாக அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும் எதிரானது. தனியார் நிர்வாகத்துக்கும் அதன் பணியாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் பொதுவாக அது தலையிடுவதில்லை.

1986இல், மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழகத்துக்கும் பிரஜநாத் கங்குலிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறந்த தீர்ப்பை வழங்கியது. மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்துக் காரணம் கூறாமலே நிரந்தர ஊழியரை வெளியேற்றலாம் என்ற விதியை அது செல்லாததாக்கியது. பேரம் பேசும் வலிமையில் சமமற்ற இருவருக்கிடையே, வலியவர் எழுதித் தரும் ஒப்பந்தத்தில் எளியவர் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழியில்லாதபோது, அத்தகைய நியாயமற்ற நிபந்தனையை நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆனால் அது அரசு நிறுவனம். தனியார் மருத்துவமனையின் ஒப்பந்தப் படிவத்திலும் அதே சமமின்மை இருக்கிறது, அதே நிபந்தனை இருக்கிறது. தீர்ப்பின் வெளிச்சம் மட்டும் அங்கே எட்டவில்லை.

அரசு மருத்துவரின் நிலை

அரசு மருத்துவருக்கு அரசியலமைப்பின் 311ஆவது உறுப்பு கவசமாக இருக்கிறது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்காமல் அவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. இது போராடிப் பெற்ற உரிமை. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதிகாரம் பழிவாங்கத் துணிந்தால் இந்தக் கவசத்தின் கதி என்ன என்பதை உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் காட்டியது.

2017 ஆகஸ்ட் மாதம், கோரக்பூர் பாபா ராகவ்தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்சிஜன் வழங்கல் தடைப்பட்டது. நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கித் தொகை தரப்படாமல் இருந்தது. சில நாட்களுக்குள் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஆக்சிஜன் இல்லாததால் மரணங்கள் நிகழவில்லை என்றது அரசு. அந்த இரவில் வெளியிலிருந்து சிலிண்டர்களைத் திரட்ட ஓடிய குழந்தைநல மருத்துவர் கஃபீல் கான் முதலில் ஊடகங்களில் பாராட்டப்பட்டார், பின்னர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், செப்டம்பரில் கைதானார்.

ஏறத்தாழ எட்டு மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. அவர் தனிப்பட்ட முறையில் மருத்துவ அலட்சியம் புரிந்தார் என்பதைக் காட்டும் ஆதாரம் பதிவேட்டில் இல்லை என்றது. 2019இல் துறை விசாரணை அறிக்கையும் அலட்சியம், ஊழல் ஆகிய குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று கூறியது. இது முழு விடுவிப்பு அல்ல, தனியாகச் சிகிச்சைத் தொழில் நடத்தியது உள்ளிட்ட வேறு குற்றச்சாட்டுகள் உள்ளன என்று அரசு வாதிட்டு, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. இதற்கிடையே, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பேசியதற்காக 2020 பிப்ரவரியில் அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவலைச் சட்டவிரோதம் என்று இரத்துச் செய்தது. நான்காண்டுகளாக நீடித்த பணியிடைநீக்கத்துக்கு என்ன நியாயம் என்று நீதிமன்றம் கேட்டபோது, 2021 ஆகஸ்டில் அரசு மறு விசாரணை உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் அவரைப் பணிநீக்கம் செய்தது.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். நீதிமன்றம் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு நிவாரணம் தந்தது. ஆனால் ஒவ்வொரு நிவாரணத்துக்கும் மாதங்களும் ஆண்டுகளும் ஆயின. நடைமுறையே தண்டனையாயிற்று. நிலுவைத் தொகையை யார் தரவில்லை, கருவூலக் கோப்பு எங்கே தூங்கியது என்ற கேள்வி பின்னுக்குப் போய், ஒரு மருத்துவரின் நடத்தை முன்னுக்கு வந்தது. அவர் ஒரு முஸ்லிம் என்பது இந்த ஆட்சியில் தற்செயலான விவரம் அன்று.

இது ஓர் ஆட்சியின் வழக்கம் மட்டுமா? ஆந்திரப் பிரதேசத்தின் நர்சிப்பட்டணம் அரசு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராக இருந்த டாக்டர் சுதாகர், 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், என்-95 முகக்கவசங்கள் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதம் விசாகப்பட்டினத்தில், கைகளைப் பின்னால் கட்டிக் காவலர்கள் அவரை இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் அவர் மாரடைப்பால் இறந்தார். முகக்கவசம் கேட்டவரின் கோரிக்கை அவருக்கானது மட்டுமல்ல. அவருடன் அறுவை அரங்கில் நிற்கும் செவிலியருக்கும், படுக்கையை நகர்த்தும் உதவியாளருக்கும் உரியது.

இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு பெரும் படை நிற்கிறது. தேசிய சுகாதார இயக்கத்தின்கீழும் மாநிலத் திட்டங்களின்கீழும் ஒப்பந்தத்தில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்பனர்கள் இவர்கள். அரசு வேலைதான்; ஆனால் 311இன் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தம் முடிந்தது என்றால் முடிந்தது. நிரந்தரம் கோர ஒப்பந்த ஊழியருக்கு உரிமை இல்லை என்ற 2006ஆம் ஆண்டின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு இவர்கள் தலைமேல் தொங்கியது. நீண்டகாலம் நிரந்தரத் தன்மையுள்ள வேலை வாங்கிவிட்டு அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது ஒரு சிறு வெளிச்சம். அதைப் பயன்படுத்த அமைப்பு வேண்டும்.

கடமை உண்டு, காப்பு இல்லை

இனி, மருத்துவர் ஏன் வாய் திறக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் வாய் திறப்பது சட்டப்படி அவரது கடமை. 2002ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில் நடத்தை விதிமுறைகள், துறையினரின் நேர்மையற்ற, நெறிபிறழ்ந்த செயல்களை அச்சமோ சார்போ இன்றி வெளிப்படுத்த வேண்டும் என்று மருத்துவரைப் பணிக்கின்றன. நோயாளியை அனுப்புவதற்காகத் தரகு கொடுப்பதையும் வாங்குவதையும் அதே விதிமுறைகள் தடைசெய்கின்றன.

அப்படி வெளிப்படுத்தியவரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கினால்? அந்த விதிமுறைகளில் பதில் இல்லை. மருத்துவ ஆணையத்தின், மாநில மருத்துவக் கழகங்களின் ஒழுங்கு நடவடிக்கை மருத்துவர்மீது பாயும். அவரது பதிவையே நிறுத்திவைக்க முடியும். ஆனால் மாதாந்திர இலக்கை நிர்ணயித்த நிறுவன இயக்குநர் மருத்துவராகப் பதிவு செய்தவர் அல்லர் என்றால், அவர்மீது அந்த விதிமுறைகள் பாயா. இலக்கு வைப்பவர் தப்பிக்கிறார், இலக்கை நிறைவேற்றியவர் பிடிபடுகிறார், மறுத்தவர் வேலையிழக்கிறார்.

முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டுக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அதற்குப் பின்வந்த ஆட்சி அதை நடைமுறைப்படுத்தாமலே கிடப்பில் போட்டது. நடைமுறைக்கு வந்தாலும், அது பொது ஊழியர்களின் முறைகேடுகள் தொடர்பானது. தனியார் மருத்துவமனையின் கொள்ளையை வெளிப்படுத்துபவரை அது காக்காது.

இந்த இடத்தில்தான் கிளைத் தோழரின் கேள்விக்கான பதில் தொடங்குகிறது. மருத்துவர் வேலையிழந்தால் அடுத்த தெருவில் வேறு வேலை கிடைக்கலாம். ஆனால் அவர் நீக்கப்பட்ட செய்தி, அந்த மருத்துவமனையில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு மருத்துவருக்கும் போய்ச் சேர்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் எவரும் மறுப்பதில்லை. தேவையற்ற பரிசோதனைக்கான கட்டணத்தைத் தருவது யார்? காதணியை அடகு வைத்துத் தாயைச் சேர்த்திருக்கும் கட்டடத் தொழிலாளிதான். மருத்துவரின் வேலைப் பாதுகாப்பு அவரது சொந்தச் சொத்து மட்டுமல்ல. நோயாளியின் கடைசி அரணும் அதுவே.

அடித்தளம் எது?

1946இல் போர் குழு, பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற அடிப்படையில் ஒரு பொதுச் சுகாதார அமைப்பைப் பரிந்துரைத்தது. நாம் வந்து சேர்ந்த இடம் வேறு. 2000ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைத் துறையில் 100 விழுக்காடு அந்நிய நேரடி முதலீட்டுக்கு முன் அனுமதியே தேவையில்லை. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அந்த வாக்கு நிறைவேறவில்லை. அரசு விலகிய இடத்தில் முதலீட்டு நிதியங்கள் நுழைந்தன. மருத்துவமனைச் சங்கிலிகள் வாங்கி விற்கப்படும் பண்டங்களாயின. படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வருவாய் என்பதே அளவுகோலாயிற்று.

இத்தகைய அமைப்பில், சொந்தமாகச் சிற்றறை வைத்து ஊருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் மறைந்து, ஊதியம் பெறும் மருத்துவர் பெருகுகிறார். முதலாளித்துவம் மருத்துவரையும் கூலியுழைப்பாளராக்கும் என்பதை மார்க்சும் எங்கெல்சும் 1848லேயே கண்டுரைத்தனர். நம் காலத்தில் அது நம் கண்ணெதிரே நடக்கிறது. சட்டம் மட்டும் இன்னும் பழைய மருத்துவரையே கற்பனை செய்துகொண்டிருக்கிறது.

இதைச் சொல்லும்போது மருத்துவர்களிடமும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செவிலியர்கள் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு வாயிலில் நின்றபோது, பல மருத்துவர்கள் தலைகுனிந்து உள்ளே சென்றனர். தாங்கள் வேறு இனம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. சிலருக்குப் பங்கு உரிமையும் உண்டு, இலாபமும் உண்டு. அவர்களை நாம் தொழிலாளி என்று அழைக்கவில்லை. ஆனால் 2017இல் கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் அமைப்பாகத் திரண்டு, 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்ற முடிவை எட்டச் செய்தபோது, அங்கிருந்த இளம் மருத்துவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. பட்டம் தராத பாதுகாப்பைச் சங்கம் தரும்.

புதிய ஆபத்தும் பழைய முன்னுதாரணமும்

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழில் உறவுகள் தொகுப்பு, தொழிலாளி என்பதற்கான பழைய வகைகளை அப்படியே வைத்திருக்கிறது. மருத்துவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. அதைவிட மோசமானது, 'தொழில்' என்ற வரையறையில் செய்யப்பட்டிருக்கும் மாற்றம். அறப்பணி, சமூகப்பணி, கொடைப்பணிகளில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அது தொழில் அல்ல என்கிறது. நம் நாட்டில் எத்தனை பெரிய மருத்துவமனைகள் அறக்கட்டளைப் பெயரில் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாளை அந்த நிர்வாகங்கள் இந்தப் பிரிவைத் தூக்கிப் பிடித்து வந்தால், நான் முதலில் சொன்ன செவிலியருக்குத் திறந்த கதவும் மூடப்படும். மருத்துவருக்கு இல்லாத உரிமையைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்த நாம், செவிலியருக்கு இருந்த உரிமையையும் இழக்கும் விளிம்பில் நிற்கிறோம்.

'மருத்துவர் எப்படித் தொழிலாளி ஆவார்?' என்று கேட்போருக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. பத்திரிகையாளர்கள் போராடினர், 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் தொழில் தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பை அவர்களுக்கு விரிவாக்கியது. மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் போராடினர். 1976இல் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. பழைய வரையறையின்படி அவர்கள் தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கூறியபோதும், அந்தத் தனிச் சட்டம் அவர்களைக் காத்தது. புதிய தொகுப்பிலும் இவ்விரு பிரிவினரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளனர். மருந்தை விற்கும் பிரதிநிதிக்குச் சட்டம் தந்த பாதுகாப்பை, அந்த மருந்தை எழுதும் மருத்துவருக்குத் தர முடியாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தடுப்பது தர்க்கம் அல்ல. மருத்துவமனை முதலாளிகளின் நலன்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் முன்வைக்க வேண்டியவை இவை. நிர்வாக அதிகாரமோ உரிமைப் பங்கோ இல்லாத, ஊதியம் பெறும் மருத்துவர்களைத் தொழிலாளி என்ற வரையறைக்குள் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அறக்கட்டளைப் பெயரில் நடக்கும் மருத்துவமனைகளுக்கான விலக்கை நீக்க வேண்டும். எழுத்துமூலமான காரணமும் விசாரணையும் இன்றி எந்த மருத்துவரையும் ஊழியரையும் நீக்கக் கூடாது என்பதை, மருத்துவ நிறுவனங்கள் பதிவு பெறுவதற்கான நிபந்தனையாக்க வேண்டும். நோயாளி நலனுக்காகக் குரல் கொடுப்போரைப் பாதுகாக்கும் சட்டம், தனியார் மருத்துவமனைகளையும் உள்ளடக்கி வர வேண்டும். சேர்க்கைக்கும் பரிசோதனைக்கும் இலக்கு வைப்பதைத் தடைசெய்து, அதற்கான பொறுப்பை நிறுவனத்தின்மீதே சுமத்த வேண்டும். பொதுச் சுகாதாரத் துறையின் ஒப்பந்தப் பணியிடங்களை நிரந்தரப் பணியிடங்களாக்க வேண்டும்.

இவை சட்டமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைகளில் பணியாற்றும் தோழர்கள், மருத்துவர், செவிலியர், நுட்பனர், துப்புரவுத் தொழிலாளர் என அனைவரையும் இணைக்கும் ஒரே கூட்டமைப்பைக் கட்ட முயல வேண்டும். ஒரு மருத்துவர் பழிவாங்கப்பட்டால், அந்தப் பகுதியின் கட்சிக் கிளை அதை மக்கள் பிரச்சனையாக எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்; மறுப்பை எழுத்தில் தாருங்கள்; ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு வழக்கு நடத்துபவனுக்கு அந்தக் காகிதங்களே ஆயுதம்.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்த மருத்துவர் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். அவர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு மாத ஊதியத்துக்கான காசோலையும் கடிதமும்தான் அவர் கையில் இருந்தன. ஆனால் செவிலியரின் தகராறு சமரச அதிகாரி முன் வந்த நாளில், அவர் எங்களுடன் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தனர், குறைத்த பிறகு என்ன நடந்தது என்பதை ஒரு மருத்துவராக எடுத்துரைத்தார். நிர்வாகத்தின் வழக்குரைஞரால் அதை மறுக்க முடியவில்லை. அந்தச் செவிலியர் இன்று மீண்டும் பணியில் இருப்பதற்கு அந்தச் சாட்சியமும் ஒரு காரணம்.

தமக்கு மூடப்பட்ட கதவை அவர் இன்னொருவருக்காகத் திறந்து பிடித்தார். கிளைத் தோழரே, அவருக்காக நாம் ஏன் நேரம் செலவிட வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். அந்தக் கதவை அவருக்கும் திறக்கும் வேலை இப்போது நம்முடையது.